நாலு நிமிஷத் தூக்கம்

விருதுச் செய்தி வந்தபோது பிரமிளா மாம்பழ வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். சித்தூர் சாலையில் இருக்கிற மாங்கூழ் கம்பெனியில் சீசன் நடந்துகொண்டிருந்தது. கழுவிய பெங்களூரா பழங்கள் பெல்ட்டில் நிற்காமல் ஓடி வரும். அவற்றில் அழுகலையும் அடிபட்டதையும் பொறுக்கித் தொட்டியில் போடுவது அவள் வேலை. இரண்டு மணி நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் பெல்ட் நின்றுவிட்டு, தான் ஓடுவது போல இருக்கும். அப்போதெல்லாம் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்துகொள்வாள்.

அப்படித் திறந்தபோது எதிரில் சூப்பர்வைசர் முனுசாமி நின்றிருந்தார்.

"ஆபீஸ் போனுக்கு உனக்குக் கால் வந்துகீது. யாரோ சினிமா டைரக்டராம். அவார்டு வந்துகீதுன்னு சொல்றாரு. நீ எப்பம்மா சினிமால நடிச்சே?"

பிரமிளாவுக்கே அது சட்டென்று ஞாபகம் வரவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய் ரிசீவரை எடுத்தாள்.

"பிரமிளாம்மா, நான் கௌஸ்துப் பேசறேன், திருப்பதிலேர்ந்து. 'கார்மேகத் தேர்'னு ஒரு படம் எடுத்தேனே. கார்வேட்டிநகரம் குளத்துப் படியில உங்களை உக்கார வெச்சேனே."

"சொல்லுங்க சார்."

"உங்களுக்கு தேசிய விருது அறிவிச்சிருக்கா. சிறந்த துணை நடிகை. டெல்லிக்குப் போய் வாங்கிக்கணும்."

"எனக்கா? இன்னாத்துக்கு சார்?"

மறுமுனையில் அவன் சிரித்த மாதிரியும் இருந்தது, மூக்கை உறிஞ்சிய மாதிரியும் இருந்தது.

"எனக்கே சரியாத் தெரியலைம்மா," என்றான்.

அந்தப் படத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. பாட்டுப் பாடி மழையை வரவழைக்கிற ஒருவனின் கதை அது. கதாநாயகன் பாறை மேல் நின்று மேகத்தோடு பதினோரு நிமிடம் பேசுவான். பழைய கதைக்குள் இன்னொரு பழைய கதை திறக்கும். அதற்குள் ஒரு பாட்டு வரும். யார் யாருக்கு மகன் என்பது இடைவேளைக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகும் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. சித்தூரில் மூன்று நாள் ஓடியது, திருப்பதியில் நாலு நாள். படம் முடிந்து வெளியே வந்தபோது நிஜமாகவே மழை பெய்தது, அது ஒன்றுதான் ஆறுதல் என்று ஒரு பத்திரிகை எழுதியது. பிரமிளா பார்க்கலாமா வேண்டாமா என்று வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் போஸ்டரின் மேல் வேறு போஸ்டர் ஏறிவிட்டது. படத்தை டிவிக்காரர்கள் வாங்கவில்லை, போனிலும் வரவில்லை. அப்படி ஒரு படம் இருந்ததையே அவள் மறந்துபோனாள்.

அவள் அதில் நடித்தது மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு ஜூன் மாதத்தில். அப்போதும் சீசன்தான். இரவு ஷிப்ட் முடிந்து, விடிந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் கார்வேட்டிநகரத்தில் இறங்கினாள். அவள் ஊருக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஆள் சேர இன்னும் நேரம் இருந்தது. குளத்தங்கரையில் கூட்டமாக இருந்ததால் வேடிக்கை பார்க்கப் போனாள். அவளை வேறு யாரோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹரிப்ரியா என்கிற உதவி இயக்குநர் பெண் கிட்ட வந்து அவள் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"அக்கா, சென்னைலேர்ந்து வர வேண்டிய ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஜுரம். சும்மா படியில உக்காரணும், அவ்வளவுதான். பேச்சு கிடையாது."

உட்காருவதுதானே என்று பிரமிளா தலையாட்டினாள். வேறு புடவை கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு காத்திருக்கச் சொன்னார்கள். வெயில் சரியில்லை என்றார்கள், குடை பிடித்தார்கள், குடையை மடக்கினார்கள். மதியம் சாம்பார் சாதம் வந்தது. மூன்றரை மணிக்கு நகரிப் பக்கமிருந்து மேகம் வந்து வெயிலை மூடியது. குளம் முழுக்க ஒரு வெள்ளிப் பூச்சு படர்ந்தது. கௌஸ்துப் ஓடி வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் ஒரு கோடு, கழுத்தில் ஹெட்போன்.

"உங்க பொண்ணு வீட்டை விட்டுப் போயிட்டா. தெனம் இங்க வந்து உக்காந்துண்டு, வருவாளான்னு பாக்கறேள். தண்ணியையே பாருங்கோ. நான் சொல்றச்சே நிமிரணும்."

பிரமிளா தண்ணீரைப் பார்த்தாள். பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். அதன் மேல் தும்பிகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன. நடு மண்டபத்தின் நிழல் உடைந்தது, சேர்ந்தது, மறுபடி உடைந்தது. இரவு முழுக்கப் பார்த்த பழங்கள் அந்தத் தண்ணீரிலும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின. அதற்குப் பிறகு குளம் மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது. படி படியாக ஏறி அவள் மடி வரை வந்தது, ஆனால் நனையவில்லை. அக்கரையில் யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது. கூப்பிட்டாளா என்று தெரியவில்லை.

கண் திறந்தபோது எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை. ஹரிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிக்குங்க சார், கண்ணு அசந்துட்டேன். நைட்டு டூட்டி. இன்னொரு தபா உக்கார்றேன்."

கௌஸ்துப் தலையை மட்டும் ஆட்டினான். "வேண்டாம்மா. போறும்."

அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி படுத்தாள். அவ்வளவுதான் அவளுடைய சினிமா.

இப்போது அந்தத் தூக்கத்துக்கு மாலை போட ஊர் முழுக்க ஆள் வந்தது. மண்டல ஆபீசில் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். கம்பெனியில் ஒரு மணி நேரம் பெல்ட்டை நிறுத்தி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். திருப்பதியிலிருந்து வந்த டிவி நிருபர் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்டார்.

"இது எலா சாத்தியமம்மா? அந்த சீன்ல நீங்க தூங்கற மாதிரி நடிச்சது நடிப்பே இல்லைங்கறாங்க. எப்படிப் பண்ணீங்க?"

"நெஜமாவே தூங்கிட்டேன் சார்."

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நிருபர் ரொம்ப ரசித்துச் சிரித்தார். மறுநாள் செய்தியில் அவளுடைய அடக்கத்தைப் பற்றி நாலு வரி வந்தது. பிரமிளா அதை இன்னும் மூன்று இடத்தில் சொல்லிப் பார்த்தாள். மூன்று இடத்திலும் சிரித்தார்கள். தூங்கினேன் என்று சொல்லச் சொல்ல அவள் பெரிய நடிகை ஆகிக்கொண்டே போனாள்.

"தூங்கறதுக்கு அவார்டுன்னா நம்ம ஊருல பாதி பேரு டெல்லிக்குப் போணும்," என்றான் அவள் புருஷன் திருமலை, டிராக்டர் டயரை மிதித்துப் பார்த்துக்கொண்டே. "குடுக்கறதை வாங்கிக்கோ. உன்னை யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. அந்த நாட்களில் நடக்கிறபோதும் பாதித் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. யாரோ கும்பிட்டார்கள், இவளும் கும்பிட்டாள். யாரோ கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போனாள்.

கௌஸ்துபின் வீடு கோவிந்தராஜர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம். அப்பா சௌரிராஜன் இன்னும் காலையில் போய்வருகிறார். பிள்ளை மட்டும் சினிமா என்று கிளம்பியவன். கதவைத் திறந்தவன் ஒரு வாரமாகத் தூங்காதவன் மாதிரி இருந்தான்.

"வாங்கோ வாங்கோ. போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

காப்பி வந்தது. பிரமிளா டம்ளரை எடுக்கவில்லை.

"சார், நீங்க டெல்லிக்கு ஒரு லெட்டர் எழுதணும். நான் நடிக்கல, தூங்கிட்டேன்னு. நான் சொன்னா எல்லாம் சிரிக்கறாங்க."

கௌஸ்துப் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"எழுதலாம். எழுதினா, அந்தப் படத்துல விருதுக்குத் தகுதியா ஒண்ணுமே இல்லைன்னு நானே ஒத்துண்ட மாதிரி ஆகும். அது உண்மையும்தான். எட்டு வருஷம் எழுதினேம்மா. ஒரு ஒரு வசனமா ராத்திரி பகலா எழுதினேன். ரெண்டே முக்கால் மணி நேரப் படம். அதுல நான் எழுதாதது, சொல்லிக் குடுக்காதது, நாலே நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷம்தான் படம். மத்ததெல்லாம் மோசம். எனக்குத் தெரியறது. தேர்வுக் குழுவுல ஒருத்தர் போன் பண்ணினார். 'நீ எங்களைத் தூங்க வெச்சுட்டே, அந்த அம்மா தூங்கினப்போதான் முழிச்சுண்டோம்'னார்."

பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரிங்கோ, பரவாயில்லை. மோசமான படத்துக்கெல்லாம் விருது போறதுன்னு நானே எவ்வளவோ திட்டியிருக்கேன். இப்போ என் படம். என்னைத் திட்டி நேத்திக்குக் கூட எழுதியிருக்கா. ஆனா அவாளும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா எழுதலை."

"நான் ஒண்ணுமே பண்ணலையே சார்."

"நீங்கோ முழிச்சுண்டப்போ ஒண்ணு சொன்னேளே, அது போறாதா? அதுக்காகத்தானே மொத்தப் படத்துலயும் அந்தப் பொண்ணோட பேரையே மாத்தி மறுபடி டப்பிங் பண்ணினேன். மேகலான்னு இருந்தது. காஞ்சனான்னு ஆக்கினேன்."

பிரமிளா நிமிர்ந்தாள். "இன்னா பேரு சொன்னீங்க?"

"காஞ்சனா. நீங்கோதான் சொன்னேள்." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "நீங்க படமே பாக்கலையா?"

வெளியே கோயில் யானை போகிற மணிச் சத்தம் கேட்டது. பிரமிளா காப்பி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என் தங்கச்சி பேரு சார் அது," என்றாள். "வேற இன்னா சொன்னேன்?"

கௌஸ்துப் மடிக்கணினியை எடுக்கக் கை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டான். "நான் சொன்னா சரியா இருக்காது. இந்தச் சின்னதுலயும் பாக்க வேண்டாம். சனிக்கிழமை சித்தூர்ல மறுபடி போடறா, விருது கிடைச்சதுனால. வாங்கோ. அதுக்கப்புறமும் லெட்டர் எழுதச் சொன்னா எழுதறேன்."

காஞ்சனா அவளை விட எட்டு வயது சின்னவள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் பாகாலாவைச் சேர்ந்த பரணி என்கிறவனோடு போய்விட்டாள். அவன் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்க்கிறவன், வேறு சாதி. விஜயபுரத்துப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டில் அதற்குப் பிறகு அவள் பேரை எடுக்கக் கூடாது என்று ஆயிற்று. அதைச் சொன்னது நைனாதான், அவர்கள் அப்பா. மூன்று வருடம் கழித்து நைனா திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தப் பேரை முதலில் எடுத்ததும் நைனாதான். பிரமிளாதான் பக்கத்தில் இருந்தாள். தங்கையின் நம்பர் அவள் போனில் இருந்தது. அவளைக் கூப்பிட்டால் நாங்கள் யாரும் சுடுகாட்டுக்கு வர மாட்டோம் என்று பெரியப்பா பிள்ளைகள் சொன்னார்கள். அவள் கூப்பிடவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் யாரோ பஸ்ஸில் பார்த்துச் சொல்லித்தான் காஞ்சனாவுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வந்த ஒரு போனுக்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசியதில்லை. அந்தப் போனில் காஞ்சனா எதுவுமே பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

சனிக்கிழமை மேட்னிக்குக் கம்பெனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் கூட வந்தார்கள். பாதித் தியேட்டர் நிரம்பியிருந்தது. போஸ்டரில் பாறை மேல் நின்ற கதாநாயகனுக்குப் பக்கத்தில், அவசரமாக வெட்டி ஒட்டிய மாதிரி பிரமிளாவின் முகம் இருந்தது.

படம் ஆரம்பித்த கால் மணி நேரத்தில் ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். கதாநாயகன் மேகத்தோடு பேசியபோது, "மேகமே, நீயாவது ஓடிப்போ!" என்று ஒருவன் கத்தினான். தியேட்டர் அதிர்ந்தது. கூட வந்த பெண்கள் பிரமிளாவைப் பார்த்துக்கொண்டே சிரிப்பை விழுங்கினார்கள். இடைவேளையில் பாதிப் பேர் போய்விடுவார்கள் போல இருந்தது. அந்த விருதுக் காட்சி இன்னும் வரவில்லையே என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு குளம் வந்தது.

அவ்வளவு பெரிய திரையில் தன் முகத்தைப் பார்ப்பது யாரோ ஒருவரின் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பெண் தண்ணீரைப் பார்த்தாள். இமை தாழ்ந்தது, எழுந்தது, மறுபடி தாழ்ந்தது. தலை மெல்லச் சாய்ந்து படியோரத் தூணில் பட்டு நின்றது. வாய் லேசாகத் திறந்தது. முகத்திலிருந்த வயது ஒன்று ஒன்றாகக் கழன்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு தும்பி வந்து முழங்காலில் உட்கார்ந்து சிறகை ஆட்டியது. இசை இல்லை. காற்றும், எங்கோ ஒரு மைனாவும், அவள் மூச்சும்தான். தியேட்டரில் யாரும் இருமக்கூட இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் புருவம் சுருங்கியது, உதடு அசைந்தது. கண் திறப்பதற்கும் திறந்த பிறகு விழிப்பதற்கும் நடுவில், அவள் அக்கரையைப் பார்த்துப் பேசினாள்.

"காஞ்சனா, நைனா கேட்டுக்கினே கீறாருடி. சீக்கிரம் வாடி."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது போல முகம் மாறியது. வயது எல்லாம் திரும்பி வந்தது.

பக்கத்து சீட்டில் இருந்தவள் பிரமிளாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். பின்னால் யாரோ விசும்பினார்கள். பிரமிளா எழுந்து, இருட்டில் கால்களைத் தாண்டி, வெளியே வந்தாள். வராண்டாவில் வெயில் கண்ணைக் குத்தியது. கௌஸ்துப் படம் பார்க்க உள்ளே வராமல் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

"லெட்டர் எழுதட்டுமா?" என்று கேட்டான்.

"இருங்க சார். மொதல்ல நான் கேக்க வேண்டியது வேற ஒரு ஆளை," என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாகாலா ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே இறங்கி விசாரித்தாள். பரணி வீட்டுக்காரி டிபன் கடை வைத்திருக்கிறாள், அதோ அந்த நீலத் தகரம் என்று காட்டினார்கள். பிரமிளா தகரத்தின் நிழலில் போய் நின்றாள். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்த காஞ்சனாவின் தலையில் காதோரம் நரை இருந்தது. அந்த நரையை எதிர்பார்க்காமல் போனதுதான் பிரமிளாவுக்கு அழுகையாக வந்தது.

காஞ்சனா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி கல்லின் மேல் அப்படியே நின்றது. தோசை ஓரம் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் குனிந்து திருப்பிப் போட்டாள்.

"உக்காரு," என்றாள். "இன்னா துன்றே?"

பிரமிளா பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டில் தோசை வந்தது. சாப்பிட்டாள். இரண்டு பேர் வந்து பார்சல் வாங்கிப் போனார்கள். ஒரு கூட்ஸ் வண்டி போக ஆரம்பித்தது. அது போய் முடிகிற வரை இரண்டு பேரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

"நேத்து படம் பாத்தேன்," என்றாள் பிரமிளா.

"நான் அப்பவே பாத்துட்டேன். திருப்பதில நாலு நாளு ஓடுச்சு. நாலு நாளும் போனேன்."

"அந்தப் படத்துக்கா? நாலு தபாவா?"

"மூணாம் நாளு தியேட்டர்ல நானும் இன்னொரு ஆளும்தான். அவன் ஏசிக்கு வந்து படுத்துக்கினான். அந்த ஈரோ மேகத்துக்கிட்ட பேசறான் பாரு, அது எனக்கு மனப்பாடம்." காஞ்சனா சிரிக்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீ நடிச்சிக்கீறேன்னு யாரோ சொன்னாங்க. மொத நாளு, அக்கா சினிமால எப்படி கீறான்னு பாக்கப் போனேன். நீ தூங்கறே. கட்டை விரலை உள்ள மடிச்சி வெச்சிக்கினு தூங்கறே. எத்தினி வருஷம் உன் பக்கத்துல படுத்தவ நான்? நடிப்பில்லைன்னு அப்பவே தெரியும் எனக்கு. ஆனா அந்தப் பேச்சு யாருதுன்னு தெரியல."

"எந்தப் பேச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காதக்கா. படத்துல அந்தப் பொண்ணு பேரே காஞ்சனா. அப்ப எவனோ எழுதிக் குடுத்ததாத்தான் இருக்கும்னு வந்துட்டேன். ராத்திரி தூக்கம் வரல. அந்தப் பொண்ணு படம் முழுக்க அப்பான்னுதானே கூப்பிடுது, இவ மட்டும் ஏன் நைனான்னு சொல்றான்னு நெனச்சேன். மறுநாளும் போனேன். நல்லாக் காதுல வாங்கினேன். அப்பவும் தெரியல. மூணாவது நாளும் போனேன், நாலாவது நாளும் போனேன். அப்புறம் படத்தைத் தூக்கிட்டாங்க." அவள் குரல் ஒரே சீராக இருந்தது. "ஒண்ணரை வருஷமா இந்த ஒரு கேள்விதான். யாரைக் கேப்பேன்? நைனா நெஜமாவே என்னைக் கேட்டாரா, இல்ல அது சினிமாக்காரன் எழுதுனதா?"

"கேட்டாரு," என்றாள் பிரமிளா. "எவனும் எழுதல. நைனாதான் கேட்டாரு. மூணு நாளும் கேட்டாரு."

காஞ்சனா அவளையே பார்த்தாள்.

"கண்ணு தொறக்கறப்பல்லாம் கேட்டாரு. காஞ்சனா வந்துட்டாளான்னு. நான்..." பிரமிளாவுக்கு, இதைச் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது என்று தெரிந்தது. "நான் பொய் சொன்னேன். வந்துக்கினே கீறா நைனா, ரயிலு லேட்டுன்னு சொன்னேன். போன்ல உன் நம்பரை எடுப்பேன், வெச்சிருவேன். அண்ணனுங்க மேல பழியப் போட மாட்டேன். போன் என் கையிலதான் இருந்துச்சு."

"ரயிலு லேட்டா?"

"ஆமா."

"மூணு நாளு லேட்டாற ரயிலு எங்கக்கா கீது?" காஞ்சனா சத்தமாகக் கேட்டாள். கடைக்கு வந்த ஒருவர் தயங்கித் திரும்பிப் போனார். "இங்கேந்து ஒரு மணி நேரம்! நான் இங்கதான் மாவு ஆட்டிக்கினு இருந்தேன். எதிர்ல ஸ்டேஷன். ஏறி உக்காந்தா ஒரு மணி நேரம்!"

பிரமிளா தலை குனிந்தாள். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். காஞ்சனா எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் கொட்டுகிற சத்தமும், பாத்திரங்களை ஒன்றன் மேல் ஒன்றாகத் தடால் தடாலென்று வைக்கிற சத்தமும் வந்தன. வெகு நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. கல்லின் அடியில் இருந்த நெருப்பை முழுக்க அணைத்துவிட்டு, பிரமிளா இருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவர் நம்பினாரா?" என்று கேட்டாள்.

"எதை?"

"ரயிலு லேட்டுன்னு சொன்னதை."

பிரமிளா யோசித்தாள். "நம்பினாரு. கடைசி நாளு, தலைமாட்டுல கெடந்த துணியெல்லாம் எடுத்து வெக்கச் சொன்னாரு. அவ வந்தா உக்கார எடம் வேணும்னாரு."

அதற்குப் பிறகுதான் காஞ்சனா வாய்விட்டு அழுதாள். தலையைக் கையில் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினாள். பிரமிளா எழுந்து பக்கத்தில் போகப் பயந்து, பெஞ்சின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் அவள் தோளைத் தொட்டாள். காஞ்சனா தட்டிவிடவில்லை. மதிய வண்டி வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. யாருக்கும் அன்றைக்கு அங்கே டிபன் கிடைக்கவில்லை.

"மொதல்லேர்ந்து சொல்லு," என்றாள் காஞ்சனா. "அவரை எந்த ஆட்டோல கூட்டிக்கினு போனீங்க, எந்தக் கட்டிலு, இன்னா துன்னாரு. எல்லாம்."

பிரமிளா சொன்னாள். மூன்று நாளைச் சொல்ல மூன்று மணி நேரம் ஆயிற்று. மறந்துபோனது என்று நினைத்திருந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் பேர், ஜன்னலில் காய்ந்த பச்சைத் துண்டு, ரசத்தில் உப்பில்லை என்று நைனா கோபித்துக்கொண்டது. காஞ்சனா நடுவில் நடுவில் நிறுத்திக் கேட்டாள். பரணி வேலை முடிந்து வந்தான். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

கிளம்புகிறபோது பிரமிளா கேட்டாள். "அவார்டை வாங்கட்டுமா, வேணாமா? நீ சொல்றதுதான்."

"வாங்கிக்கோ. நைனா என்னைக் கேட்டாருன்னு உன் வாயால வெளிய வந்தது அதுல மட்டும்தான்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாயமாப் பாத்தா அந்தப் படத்தை நாலு தபா பாத்ததுக்கு எனக்குத்தான் குடுக்கணும்."

பிரமிளா திருமலையோடு டெல்லிக்குப் போனாள். கடிதம் எழுத வேண்டாம் என்று கௌஸ்துபிடம் சொல்லிவிட்டாள். மேடையில் அவளுடைய ஆழ்ந்த நடிப்பைப் பற்றி ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் படித்தார்கள். அவளுக்குப் புரியவில்லை, விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. திரும்புகிற ரயிலில் கௌஸ்துப் அடுத்த படத்துக்கு எழுத ஆரம்பித்திருப்பதாகச் சொன்னான். மேகத்தோடு யாராவது பேசுகிறார்களா என்று திருமலை கேட்டான். இல்லை என்று கௌஸ்துப் சத்தியம் செய்தான்.

அக்காவும் தங்கையும் உடனே பழையபடி ஆகிவிடவில்லை. காஞ்சனா சில வாரங்கள் போனை எடுக்க மாட்டாள். திடீரென்று ஒரு நாள் அவளே கூப்பிட்டு, நைனாவுக்கு மூச்சு வாங்கியது காலையிலா சாயங்காலமா என்று கேட்பாள். பிரமிளா பதில் சொல்வாள். தை பிறந்து ஒரு புதன்கிழமை, விஜயபுரம் போகலாமா என்று காஞ்சனாவே கேட்டாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி இரண்டு பேரும் ஊருக்குள் நடந்தார்கள். பதினான்கு வருடத்துக்குப் பிறகு வந்தவளைத் தெருவில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியவில்லை. பெரியப்பாவின் மூத்த பிள்ளை இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். இளையவர் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வாசலில் போட்டார்.

"அப்புறம் வந்து உக்கார்றேண்ணா," என்றாள் காஞ்சனா. நைனா கடைசி வரை பாடுபட்ட கடலைக் கொல்லை எந்தப் பக்கம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரப்பில் ஏறி வேகமாக நடந்தாள். பிரமிளா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனாள்.